குழல்களுக்கு நடுவே ஒரு சூடு

அரங்கத்தின் பக்கவாட்டுக் கதவைக் காவலாளிதான் திறந்துவிட்டார். கொத்தில் சரியான சாவியைத் தேடிக்கொண்டே என்னை ஒருமுறை பார்த்தார், அத்தானை ஒருமுறை பார்த்தார், அவர் கையிலிருந்த கருவிப்பெட்டியைப் பார்த்ததும் பார்வையை எடுத்துக்கொண்டார். பெட்டி அவருக்குத் தெரிந்ததுதான். அது என் அக்காவுடையது.

"வாங்க," என்றார். கதவைத் தள்ளிக்கொண்டே, "மழை விட்டுடுச்சு போல," என்றார்.

"விட்டுடுச்சுங்க," என்றேன்.

அவர் சட்டென்று திரும்பினார். "நீங்க அவங்க தங்கச்சியா? குரல் அப்படியே அவங்க குரல்."

எல்லோரும் சொல்வதுதான். எங்களுக்கு முகம் ஒட்டாது, குரல் மட்டும் ஒரே அச்சு. போனில் நான் பேசினால் அத்தானே ஏமாந்து, "ஏய், வர்றப்போ பல்பு வாங்கிட்டு வா," என்பார். அக்கா இருந்தவரை அது வீட்டில் ஒரு வேடிக்கை. இப்போது நான் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர்கள் ஒரு கணம் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்க நிற்கிறது பைப் ஆர்கன், காற்றை ஊதிக் குழல்களைப் பாடவைக்கிற ராட்சத வாத்தியம். வெளியே தெரிவது முன்வரிசைக் குழல்கள் மட்டும். அதற்குப் பின்னால் ஒரு சின்ன வீடே இருக்கிறது. ஏணி, ஆள் நடக்க ஒரு பலகை, இரண்டு பக்கமும் ஆளுயரக் குழல்கள், பென்சில் கனத்தில் பொடிக் குழல்கள், அடியில் காற்றை நிரப்பி வைக்கிற பெரிய துருத்தி. காவலாளி இந்த ஆர்கனுக்குப் பெரியவர் என்று பெயர் வைத்திருந்தார். பெரியவர் அடித்தொண்டையில் பேசினால் தன் கட்டின பல் ஆடுகிறது என்பது அவருடைய நெடுநாள் புகார் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

இதற்குச் சுருதி சேர்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே போய்க் குழலின் தலையில் இருக்கும் தகர வளையத்தைத் தட்டி ஏற்றி இறக்குவார். வளையம் ஏறினால் குழல் நீண்டு சுருதி இறங்கும், வளையம் இறங்கினால் சுருதி ஏறும். இன்னொருவர் வெளியே உட்கார்ந்து அந்தக் குழலுக்கான கட்டையை அழுத்திப் பிடித்திருப்பார். அந்தச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. அதனால் உள்ளே இருப்பவர் மரத்தில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் அடுத்த கட்டைக்குப் போ. இரண்டு தட்டு என்றால் விடாதே, பிடித்திரு. தட்டு வராமல் விரலை எடுத்தால் திட்டு விழும்.

அக்கா உள்ளே, அத்தான் வெளியே. கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். பெண்டாட்டி தட்டுகிறபடி ஆடுவதையே வேலையாக வைத்திருக்கும் புருஷன் உலகத்திலேயே இவர் ஒருத்தர்தான் என்று நான் கிண்டல் செய்வேன். அவள் தட்டுவதும் தனி ரகம். கருவியின் பிடியால் ஒரு தட்டு, வால் மாதிரி நகத்தால் ஒரு சுண்டு, இரண்டும் சேர்ந்துதான் அவளுக்கு ஒரு தட்டு. டொக், டிக். வீட்டில் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போதும் சாப்பாட்டு மேசையில் அதே டொக், டிக்தான். அந்தப் பொடிசு தலை நிமிராமல் அடுத்த கணக்குக்குப் போய்விடும்.

நாலு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் இதே ஆர்கனுக்குள் அக்காவின் இதயம் நின்றுபோனது.

அத்தான் வெளியே கட்டையைப் பிடித்திருந்தார். இரண்டு தட்டு வந்தது. அப்புறம் எதுவும் வரவில்லை. ஆனால் சுருதி மட்டும் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. வளையத்தை ஏற்றுகிறாள், வேலை நடக்கிறது என்று நினைத்து விரல் மரத்துப்போகிறவரை அவர் பிடித்திருந்தார். கடைசியில் உள்ளே போய்ப் பார்த்தபோது அவள் கையில் கருவி இல்லை. அது எப்போதோ கீழே விழுந்திருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, அப்புறமும் வரவில்லை. பால் காய்ச்சினேன், வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன், பொடிசுக்குத் தலை வாரிவிட்டேன். தைரியசாலி என்றார்கள். தைரியமும் இல்லை ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, நான் முழுக்க அப்படி இருந்தேன். கை இரண்டும் அன்றிலிருந்து ஜில்லென்றே இருக்கின்றன.

அரங்கத்தைப் புதுப்பித்துத் திறக்கப்போவதாகவும், சுருதி சேர்க்க வேறு ஆளைக் கூப்பிடுவதாகவும் மேலாளர் சொன்னபோதுதான் அத்தான் பல நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தார். "அவ சேர்த்து வெச்சது மேல வேற யார் கையும் படவேண்டாம். நான் உள்ள போறேன். வாலு வெளிய உட்காரட்டும்."

வாலு நான்தான். சின்ன வயதில் அக்கா பின்னாலேயே அலைந்து சம்பாதித்த பெயர்.

காலையில் கிளம்பும்போது பொடிசு வாசல்வரை வந்து என் கையைப் பிடித்தாள். ஜில்லென்று இருந்ததால் கையை விட்டுவிட்டுத் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவைத் திருப்பிக் கூட்டிட்டு வந்துடுவீங்கல்ல, சித்தி?"

"கூட்டிட்டு வர்றேன்."

"அம்மாவும் வர்றேன்னுதான் சொல்லிட்டுப் போனாங்க," என்றாள்.

ஆகவே அன்றைக்கு என் வேலை கட்டையை அழுத்துவது மட்டும் இல்லை. போன ஆளை அப்படியே திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும்தான்.

"பூனை இருக்கும், பார்த்துப் போங்க," என்றார் காவலாளி, காற்று மோட்டாரைப் போடுவதற்கு முன். "நாலு மாசமா உள்ளதான் படுக்கை. என் ரூம்ல கம்பளி விரிச்சு வெச்சும் வரமாட்டேங்குது. உள்ள வெதுவெதுன்னு இருக்கு போல."

அத்தான் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். துருத்தி நிரம்புகிற மூச்சுச் சத்தம் கேட்டது. பழைய மரமும் தோலும் ஈயமும் கலந்த வாசனை மேடைவரை வந்தது. நான் முதல் கட்டையை அழுத்தினேன்.

ஒத்துப்பார்க்க ஒரு குழல், சரிசெய்ய ஒரு குழல், இரண்டும் சேர்ந்து பாடும். சுருதி சேராவிட்டால் ஒலி வவ் வவ் என்று அலையும். சேரச் சேர அலை நீண்டு, ஒரு கட்டத்தில் நின்றே போய்விடும். நின்றதும் தட்டு வரும். அத்தானின் தட்டு, மாமியார் வீட்டுக் கதவைத் தட்டும் புது மாப்பிள்ளை மாதிரி தயங்கித் தயங்கி வந்தது. வெறும் டொக். வலது பக்கம் முடியவே மத்தியானம் ஆகிவிட்டது.

அடுத்தது ஆறவிட வேண்டும். குழல்களுக்கு நடுவே ஆள் நின்றால் உடம்புச் சூட்டில் பக்கத்துக் குழல்களின் சுருதி ஏறிவிடும். அதனால் வெளியே வந்து கொஞ்ச நேரம் காத்திருந்து, சூடு இறங்கினதும் ஆளில்லாமல் ஒருமுறை வாசித்துப் பார்ப்பார்கள். குழலுக்கு ஆள் நிற்பது தெரியும், அது பொய் சொல்லாது என்று அக்கா சொல்வாள்.

மேடை விளிம்பில் உட்கார்ந்து பிளாஸ்க்கில் இருந்த டீயைக் குடித்தோம். பிறகு நான் ஒவ்வொரு கட்டையாக அழுத்தினேன். அத்தான் காதைச் சாய்த்துக் கேட்டார். வலது பக்கம் ஆறி, சரியாக வந்து நின்றிருந்தது. இடது பக்கத்தில் நடுவரிசைக்கு வந்ததும் ஒலி வேகமாக அலைந்தது. சுருதி ஏறியிருந்தது. பக்கத்துக் குழலும், அதற்கடுத்ததும்.

"இடது பக்கம் நீங்க போகவே இல்லையே, அத்தான்."

"போகலை."

"பின்ன?"

"யாரோ நிக்கற மாதிரி ஏறியிருக்கு," என்றார். சொல்லிவிட்டு மீதி டீயைக் குடித்தார்.

ஏதாவது வயர் சூடாகிறதா, எங்காவது வெயில் படுகிறதா என்று பார்க்க அவர் உள்ளே போனார். அந்தப் பக்கம் ஜன்னலே கிடையாது. திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஏதோ இருந்தது. அது பயமில்லை. வெகுநேரம் குளிரில் நின்றுவிட்டு அடுப்படிக்குள் வந்த ஆள் மாதிரி இருந்தார்.

"அங்க சூடா இருக்கு, வாலு. நீயே போய்ப் பாரு."

போனேன். குழல்கள் இரண்டு பக்கமும் தோளை உரசின. இடது பக்கம் திரும்பும் இடத்தில், அக்காவைக் கண்டெடுத்த அதே இடத்தில், பலகையைத் தொட்டுப் பார்த்தேன். யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலி மாதிரி இருந்தது.

கிராம்பு வாசனை வந்தது. அக்காவுக்குக் கடைவாய்ப்பல் சொத்தை. டாக்டரிடம் போகப் பயந்து வருஷக்கணக்காகக் கிராம்பை அடக்கிக்கொண்டு திரிந்தாள்.

பலகை ஓரத்தில் பூனை கண்ணை மூடிப் படுத்திருந்தது. அடித்தொண்டையில் குர்குர் என்று சுகமாக முனகிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் முதுகு ரோமம் தலையிலிருந்து வால்வரை மெல்லப் படிந்தது.

கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் படிந்தது.

நான் பின்வாங்கி வெளியே வந்தேன். பயப்பட வேண்டிய விஷயம் என்று தெரிந்தது. தெரிந்ததே ஒழிய, பயம் வந்து சேரவில்லை. "போலாம், அத்தான்," என்று மட்டும் சொன்னேன்.

"இந்த இடது பக்கம்தான் பாக்கி. முடிச்சிட்டு வந்துடறேன்."

"பொடிசு காத்துக்கிட்டிருப்பா."

"இந்த நாலு மாசமா எனக்குக் குளிருது, வாலு," என்றார் அவர். "போர்வை போட்டாலும் குளிருது. கொஞ்ச நேரம்தானே." என் பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

நான் கட்டை முன்னால் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது? கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். இழுக்கிற அளவுக்கு எனக்குள் எதுவும் அசையவில்லை.

டொக்.

அடுத்த கட்டை. டொக். அடுத்தது. சில கட்டைகள் வழக்கம்போல இழுபறியாகப் போயின. அப்புறம் வேலை வேகம் பிடித்தது. அலை எழும்புவதற்குள் அடங்கியது. அத்தானுக்கு இவ்வளவு கைத்திறமை கிடையாது. காலையிலிருந்து ஒரு குழலுக்கு அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

டொக். அடுத்தது.

டொக். அடுத்தது.

டொக், டிக்.

என் விரல் தானாக அடுத்த கட்டைக்குப் போய்விட்டது. போன பிறகுதான் காதில் விழுந்தது என்ன என்று உறைத்தது.

"அத்தான்?"

டொக், டிக்.

அழுத்தினேன். தப்பு என்று தெரிந்தே அழுத்தினேன். அந்தத் தட்டைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. அது கூப்பிடக் கூப்பிட நான் போய்க்கொண்டே இருந்தேன், சின்ன வயதில் அவள் பின்னால் போனது போலவே. எல்லாக் குழலும் ஒன்றுபோல் அமைந்து வந்தன. எனக்கு அது பிடித்திருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நடுவரிசைக் கட்டை ஒன்றில் விரல் வைத்ததும் இரண்டு தட்டு வந்தது.

டொக், டிக். டொக், டிக்.

பிடித்திரு.

பிடித்தேன். அலை நீண்டது. நின்றது. ஒலி தெளிவாக, ஆடாமல் நின்றது. இனி ஒரு தட்டு வர வேண்டும். வரவில்லை. நான் காத்திருந்தேன். காலியான இருக்கைகள் வரிசை வரிசையாக மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பிறகு சுருதி இறங்க ஆரம்பித்தது.

மெல்ல. யாரோ பொறுமையாக வளையத்தை ஏற்றுவது போல.

அத்தான் அன்றைக்கு நினைத்ததையே நானும் நினைத்தேன். வேலை நடக்கிறது. அப்படி நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. பிறகு குழலுக்கு ஆள் நிற்பது தெரியும் என்று அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. சூட்டில் சுருதி ஏறும். இறங்கினால், அங்கே நிற்கும் ஆளின் சூடு குறைகிறது என்று அர்த்தம்.

விரலை எடுத்தேன்.

கட்டை மேலே வந்துவிட்டது. குழல் நிற்கவில்லை.

குழலடியில் காற்றைத் திறந்து மூடுகிற அடைப்பான் சிக்கிக்கொண்டால் அப்படி ஆவது உண்டு. எழுந்து ஓடி மோட்டாரை அணைத்தேன். துருத்தி பெருமூச்சு விட்டுக் கீழே உட்கார்ந்தது. துருத்தி உட்கார்ந்த பிறகு எந்தக் குழலாலும் பாட முடியாது. அது பாடியது. இன்னும் தாழ்ந்து, இன்னும் மெலிந்து, யாரோ வாயால் ஊதுவது போல.

நான் உள்ளே போனேன்.

அத்தானின் நெற்றி விளக்கு அணைந்திருந்தது. போன் வெளிச்சத்தில் பார்த்தேன். அக்கா சாய்ந்திருந்த இடத்தில், அவள் சாய்ந்திருந்த மாதிரியே, குழல் மேடையில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். கருவி கீழே கிடந்தது. இடது கை மட்டும் பக்கத்தில் யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல அந்தரத்தில் நின்றது.

அவரைச் சுற்றிக் காற்று வெதுவெதுப்பாக இருந்தது. அவர் மட்டும் பனிக்கட்டியாக இருந்தார். என் ஜில்லிட்ட கைக்கே அவர் கன்னம் சில்லென்று பட்டது.

"அத்தான், எழுந்திருங்க."

"கொஞ்ச நேரம், வாலு," என்றார், உதடு அசையாமல். "இங்க குளிரலை."

"பொடிசு தனியா இருக்கா."

"ம்."

அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். அசையவில்லை. மறுபடியும் இழுத்தேன். எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த பலகையில், என் முழங்காலுக்குப் பக்கத்தில் சத்தம் கேட்டது.

டொக், டிக். டொக், டிக்.

விடாதே.

அவரிடம் சொன்னாளா, தன்னிடமே சொல்லிக்கொண்டாளா, தெரியாது. அவர் மூச்சு நின்று நின்று வந்தது. நாலு மாதமாக எதையும் உணராத நான் அப்போது ஒன்றே ஒன்றை உணர்ந்தேன். இவரை விட்டுவிட்டு நான் வீட்டு வாசல்படியை மிதிக்க முடியாது. அது பாசமா பயமா என்றெல்லாம் பிரித்துப் பார்க்க நேரமில்லை.

நான் அவரை வாங்க போங்க என்றுதான் பேசுவேன். அக்கா அவரை வா போ என்பாள். கல்யாண மேடையிலேயே அப்படிக் கூப்பிட்டுப் பெரியவர்கள் முகத்தைச் சுளிக்க வைத்தவள்.

கண்ணை மூடிக்கொண்டேன். அந்தக் குரலுக்காக நான் பெரிதாக மெனக்கெட வேண்டியிருக்கவில்லை.

"போதும், எழுந்து வா," என்றேன். "சாப்பாடு ஆறிப்போகுது. வீட்டுக்குப் போலாம், வா."

குழல் நின்றுவிட்டது.

அத்தான் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. "வர்றேன்," என்று முணுமுணுத்துவிட்டு, கீழ்ப்படிந்து பழகிய ஆளாக, என் தோளைப் பிடித்து எழுந்தார்.

நாங்கள் வெளியே வந்த பிறகு பூனையும் வந்தது. நான்கு காலையும் நீட்டிச் சோம்பல் முறித்துவிட்டு, எங்களைத் தாண்டிக் கதவுப் பக்கம் போனது. காவலாளி அத்தானின் முகத்தைப் பார்த்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பாக்கியை அப்புறம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

வண்டியில் அத்தான் அழுதார். முதலில் சத்தமில்லாமல், பிறகு வாய்விட்டு. அழுது முடித்ததும் பசிக்கிறது என்றார். நான் சாலையைப் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டினேன். வாயில் லேசாகக் காரம் தட்டியது. டீயில் யாரும் கிராம்பு போட்டிருக்கவில்லை.

வீட்டில் பொடிசு அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து ஒருமுறை தலையாட்டினாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்று கணக்கைத் தீர்க்கிற மாதிரி இருந்தது. அத்தான் இரண்டாம் தடவை போட்டுச் சாப்பிட்டார். அவர் முகத்தில் நிறம் திரும்பியிருந்தது.

நாங்கள் சாப்பிட்டு முடித்தபோது காவலாளி போன் செய்தார்.

"ஐயா நல்லா இருக்காரா, கேக்கலாம்னு போட்டேன்."

"நல்லா இருக்காருங்க."

 பிறகு, "பூனை என் கம்பளிக்கு வந்துடுச்சும்மா," என்றார். "திரும்ப உள்ள போகவே மாட்டேங்குது. போய்க் கையை வெச்சுப் பார்த்தேன். உள்ள ஜில்லுனு ஆயிடுச்சு."

போனை வைத்துவிட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். வா என்று நான் கூப்பிட்டது ஒருவரைத்தான். ஆனால் யாரை என்று இருட்டில் பெயர் சொல்லவில்லை.

பொடிசு எதிரில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அத்தான் கைகளை மடியில் போட்டுக்கொண்டு, நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தார். பென்சில் கீறுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது. ஒரு கணக்கு முடிந்திருக்க வேண்டும்.

டொக், டிக்.

தலை நிமிராமல் பொடிசு அடுத்த கணக்குக்குப் போனாள். பாதி எழுதும்போது பென்சில் நின்றது.

அத்தானின் கைகள் மடியில்தான் இருந்தன. அவள் கை நோட்டின் மேல் இருந்தது. மேசைமேல் மிச்சம் இருந்தது என் கை ஒன்றுதான். ஆள்காட்டி விரல் இன்னும் லேசாக மடங்கியிருந்தது.

அவள் மெல்லக் கையை நீட்டி என் விரல்களைத் தொட்டாள். காலையில் போல விட்டுவிடவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சூடா இருக்கு," என்றாள்.

பிறகு ஒரு கையால் என்னைப் பிடித்தபடியே மீதிக் கணக்கை எழுதி முடித்தாள். பென்சிலைக் கீழே வைத்தாள். அடுத்த தட்டுக்காக என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.